பல்லி சொன்ன பலன்

இம்மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டுமென மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவனிடம் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் பொருள்களுள் ஒன்றையே அவர்கள் மனத்திற் கொண்டிருப்பர் என்பதில் ஐயமில்லை. சங்கப் பாடல்களில் நட்பு என்றோ, நாவலர் வளர்த்த வசனநடை என்றோ நான் எழுதிக் கொடுத்திருப்பின் எவரும் வியந்திரார். உண்மையைச் சொல்வதாயின், எவரும் முற்றப் படித்துமிரார். ஆதலின் அன்பர்கள் பொறுத்தருள்க. 2025ஆம் ஆண்டிலே, நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்களில், என் வீட்டுப் பழங்கணினியின் வயிற்றிலிருந்து ஒரு தட்டை எடுத்து வேறொரு தட்டை வைத்த கதையையே இங்கு எழுதப் புகுகின்றேன். அதில் நம் கல்லூரிக்கும் பங்குண்டு. இதனைப் படிக்கும் பழைய மாணவர் பலருக்கும் பங்குண்டு. எப்படியென்பது போகப்போகத் தெரியும்.

அக்கணினியை நான் வாங்கியது 2011இல். இடர்கடன் எடுத்து வாங்கினேன். (கணினி என்பதா, கணனி என்பதா என்று நம்மவர் இன்னும் வழக்காடுகின்றனர். நான் கணினி என்றே எழுதுவேன். மாணவர் கணனி என எழுதினால் சிவப்புக் கோடு இடுவேன். கடைப் பலகைகள் எல்லாம் மாணவர் பக்கமே நிற்கின்றன.) வாங்கிய நாள்தொட்டு அது என் மேசையின் கீழே நின்று வினாத்தாள்களையும், புள்ளிப் பதிவுகளையும், தமிழ்த்தினப் போட்டிக்கு எழுதிய நாடகப் பிரதிகளையும், கல்லூரியின் பழைய மலர்களிலிருந்து நான் விடுமுறைதோறும் தட்டெழுத்திற் பெயர்த்த கட்டுரைகளையும் சுமந்து வந்தது. இவற்றோடு இன்னும் ஒன்றையும் அது சுமந்தது. அதுவே இக்கதைக்குக் காரணம்.

பண்டிதர் ஐயாவை அறியாத பழைய மாணவர் இருக்கமாட்டார். முப்பது ஆண்டுக்கு மேலாக நம் கல்லூரியிலே தமிழும் சைவமும் கற்பித்தவர். அவரிடம் காதில் முறுக்கு வாங்கியோர் இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். நான் ஆறாம் வகுப்பிற் சேர்ந்த 1992இல் அவர் இளைப்பாறும் தறுவாயில் இருந்தார். ஓராண்டே அவரிடம் படிக்கும் பேறு எனக்குக் கிட்டியது. பின்னாளில் நான் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து வந்து, அவர் முன்னே மீண்டும் மாணவனாய் அமர்ந்தேன். கந்தபுராணத்துக்குப் பயன் சொல்லுவதில் அவர்க்கு நிகர் அவரே. ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றவர் பதம் பிரித்துப் பயன் சொல்லும் அந்தப் படன மரபு நம் ஊர்க் கோயில்களில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

ஐயா தம் கைப்பட எழுதிய உரைக்குறிப்புக்கள் பன்னிரண்டு கொப்பிகளாக இருந்தன என்பர். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அவர் கையிலே மனைவியின் மருந்துப் பையும் ஒரு திருமுறைப் புத்தகமும் மாத்திரமே இருந்தன. மறு ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டிற்குக் கூரையும் இல்லை, கொப்பிகளும் இல்லை. அதன்பின் அவர் குறிப்பு ஒன்றும் எழுதவில்லை. “மனத்திலை கிடக்கிறது போதும்” என்பார்.

மனத்திற் கிடந்ததை நான் 2012இல் எங்கள் ஊர் முருகன் கோயிற் படனத்தின்போது ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியிலே பிடித்து வைத்தேன். 23 மாலைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை நீளும். அவற்றைக் கணினிக்குள் மாற்றியபின், கருவியை அழித்து மறுநாட் பதிவுக்கு ஆயத்தம் செய்வேன். அப்படிச் செய்ததனால் 23 பதிவுகளும் உலகிலே ஓரிடத்தில் மாத்திரம் இருந்தன. ஐயா 2014இல் இறைவனடி சேர்ந்தார். பதிவுகள் மேசையின் கீழே இருந்தன. இருக்கின்றன என்ற நிம்மதியே எனக்குப் போதுமாயிருந்தது. ஒரு நாளாயினும் அவற்றை வேறோரிடத்தில் படியெடுத்து வைக்கவில்லை.

2025 ஆனி மாதத்திலே, கனடாவிலிருக்கும் அவருடைய இளைய மகள் தொலைபேசியில் அழைத்தார். “மாஸ்ரர், அம்மாவுக்கு எண்பத்தாறு வயசாகுது. கண் தெரியேல்லை. அப்பாவின்ரை குரலைக் கேக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறா” என்றார். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றேன். வாரம் மாதமாயிற்று. தவணைப் பரீட்சை, விடைத்தாள், தமிழ்த்தினம் என நான் சொல்லக்கூடிய காரணங்கள் அனைத்தும் உண்மையானவை. எனினும் ஒரு பதிவை ஒரு சிறு சேமிப்புக் கோலிற் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க எடுக்கும் நேரம் கால்மணி என்பதும் உண்மையே.

இனி, நோயின் குறிகளைச் சொல்லுகின்றேன். சித்திரை மாதமளவில், கணினியை இயக்கியதும் கரிய திரையிலே ஆங்கிலத்தில் இரண்டு வரிகள் தோன்றத் தொடங்கின. தட்டின் நிலை கெட்டுவிட்டது, உள்ளவற்றைப் படியெடுத்துவிட்டு மாற்றிவிடுக என்பது அவற்றின் பொருள். அதன் கீழே, தொடரவேண்டுமாயின் இன்ன விசையை அழுத்துக என்று இருக்கும். நான் அழுத்தினேன். நாள்தோறும் அழுத்தினேன். வினாவைச் சரியாக வாசியாமல் விடை எழுதுகிறான் என்று மாணவரை இருபது ஆண்டாகக் கண்டித்து வரும் நான், நான்கு மாதம் அவ்விரு வரிகளையும் வாசித்து விட்டு விசையை அழுத்திக்கொண்டிருந்தேன். பின்னர்க் கோப்பு ஒன்றைத் திறக்கத் தேநீர் ஆறும் நேரம் எடுத்தது. பின்னர் ஒரு நாள் மேசையின் கீழே இருந்து ‘டிக், டிக், டிக்’ என ஓர் ஒலி எழுந்தது. இல்லாள் உள்ளிருந்து, “பல்லி சொல்லுது, நல்ல காரியம் ஏதும் நினைச்சனீங்களோ?” என்று கேட்டாள். திசை பார்த்தோம். பலன் நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் அதே ஒலி விடாது எழ, திரை நீலமாகி நின்றுவிட்டது.

அவசரத்திலே பட்டணத்துக் கடையொன்றுக்குத் தூக்கிச் சென்றேன். அங்கிருந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “சரிபார்க்கிற வேலையை ஓடவிட்டால் சிலவேளை எழும்பும்; இல்லாட்டி எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசாய்ப் போடலாம்” என்றார். அழிப்பது என்ற சொல்லைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஆசிரியர் ஓய்வறையில் விடயத்தைச் சொன்னபோது, தட்டைப் பொலித்தீன் பையிற் சுற்றிக் குளிரூட்டியில் ஓரிரவு வைத்தால் சுகப்படும் என்று நண்பர் ஒருவர் கூறினார். எங்கோ வாசித்தாராம். அதைச் செய்யும் எண்ணமும் எனக்கு வந்தது; வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்நேரத்திலேதான், திருநெல்வேலிச் சந்திக்கு அண்மையிற் கணினி திருத்தும் நம் பழைய மாணவன் ஒருவனின் நினைவு வந்தது.

இவனைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 2010இல் ஒன்பதாம் வகுப்பிலே எனக்கு மாணவன். புணர்ச்சி விதி ஒன்றும் அவன் தலையில் ஏறாது. கொப்பியின் பின்பக்கத்தில் மின்சுற்றுப் படங்கள் வரைந்துகொண்டிருப்பான். ஒரு நாள் அக்கொப்பியை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டி, “இவன் தமிழ் படிக்க வந்தவனோ, வானொலி திருத்த வந்தவனோ?” என்று கேட்டு வாயிலில் நிறுத்தினேன். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அவனுக்குத் தொலைபேசி எடுக்க நான் அரைநாள் தயங்கியதன் காரணம் இதுவே.

அவன் மாலையே வந்தான். “சேர், உதை இனி ஒருக்காலும் போடவேண்டாம். எத்தினை தரம் போட்டனீங்கள்?” என்று கேட்டான். ஏழெட்டு முறை இருக்கும் என்றேன். தலையில் கைவைத்தான். குளிரூட்டியைப்பற்றிக் கேட்டேன். “ஐயோ சேர், வெளியிலை எடுத்த உடனை உள்ளுக்கை ஈரம் பிடிக்கும்” என்றான்.

பிறகு, மாணவனுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னான். உள்ளே கண்ணாடிபோல் மினுக்கிய வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கின்றன. அவற்றின்மேல் ஒரு சிறு கை இங்குமங்கும் போய்வருகிறது. கையின் நுனியிலுள்ள வாசிக்கும் தலை தட்டைத் தொடுவதில்லை. காற்றின் மெல்லிய படையொன்றின்மேல் மிதக்கிறது. அவ்விடைவெளியோடு ஒப்பிட்டால் மனிதனின் தலைமயிர் பல ஆயிரம் மடங்கு தடித்தது. தலை தன் இடத்தைத் தேடிக் காணாது திரும்பிப் போய் மீண்டும் தேடுகின்றபோது எழுவதே நாங்கள் பல்லி என்று எண்ணிய ஒலி. தலை முற்றாகக் கெட்டிருந்தால் தூசு புகாத அறையிலே திறந்து வேலை செய்யும் நிபுணரிடம்தான் கொடுக்கவேண்டும். வீட்டில் ஒருவரும் அதைத் திறக்கலாகாது. இது இன்னும் இடையிடையே தன்னை அடையாளங் காட்டுவதால் ஒருமுறை முயன்று பார்க்கலாம் என்றான். சரிபார்க்கும் வேலையை ஓடவிடுவதைப்பற்றிக் கேட்டபோது, “அது திருத்திறன் எண்டு போய் அதிலையே எழுதும் சேர். சாகக் கிடக்கிற மனிசனை எழுப்பி ஓடவைக்கிறமாதிரி” என்றான். உவமை நன்றாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பிலே இவன் உவமைக்கு எத்தனை புள்ளி எடுத்தான் என்று நினைக்க முயன்றேன்.

அன்பர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. இத்தகைய தட்டுக்களின் மூதாதை 1956இல் அமெரிக்காவிலே ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 1956 என்றதும் நம் நாட்டார்க்கு நினைவில் வருவது வேறொன்று, அது நிற்க. அம்மூதாதையில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுக்கள் 50 இருந்தன. அத்தனையும் சேர்ந்து 50 இலட்சம் எழுத்துக்களையே கொண்டன. பண்டிதர் ஐயாவின் ஒரு மாலையைக்கூட அதற்குள் அடக்க முடியாது. என் மேசையின் கீழிருந்ததோ உள்ளங்கையை மூடும் அளவினது. 500 கிகாபைற் கொள்வது. பாடநூல்கள் இதனை வன்தட்டு என்கின்றன. வன்றொண்டர் என்று சுந்தரரைச் சொல்லும் நாம் இதனை வன்றட்டு என்றல்லவா எழுதவேண்டும் என்று நான் மெல்லக் கூறியபோது, அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “சேர், முதல்லை அதைக் காப்பாத்துவம்” என்றான்.

புதிய தட்டு வாங்குவதிலும் ஒரு நுட்பம் இருந்தது. கடையிலே 480 கிகாபைற் என்று விற்பதை வாங்கினால் 500 கிகாபைற் தட்டின் முழுப் படியும் அதற்குள் அடங்காது. ஆகவே அதனினும் பெரியதாய் வாங்கவேண்டும் என்று ஒரு டெராபைற் கொள்ளுவதைத் தெரிந்தெடுத்தான். இது சுழலும் தட்டன்று. உள்ளே அசையும் உறுப்பு ஒன்றுமில்லை, எல்லாம் சில்லுகளே. விலையை இங்கு எழுதமாட்டேன். என் இல்லாளும் இம்மலரைப் படிப்பாள்.

பழைய தட்டைக் கழற்றி அவன் கொண்டுவந்த கணினியில் இணைத்து, லினக்ஸ் என்னும் இலவச இயக்குதளத்தைச் சேமிப்புக் கோலொன்றிலிருந்து எழுப்பி, டீடீரெஸ்கியூ என்ற மென்பொருளை ஓடவிட்டான். அதன் முறை எனக்கு மிகவும் பிடித்தது. எளிதில் வாசிக்கக்கூடிய இடங்களையெல்லாம் முதலில் வாசித்து எடுத்துக்கொள்ளும். வாசிக்க முடியாத இடம் வந்தால் அங்கு நின்று முட்டிக்கொண்டிராமல் தாண்டிச் செல்லும். தாண்டிய இடத்தை ஒரு குறிப்புக் கோப்பிலே பதிந்து வைக்கும். முழுவதும் சென்று முடிந்த பின்னரே திரும்பி வந்து, விட்ட இடங்களைச் சிறிது சிறிதாய் மீண்டும் முயலும். தெரிந்த வினாக்களை முதலில் எழுதுங்கள் என்று பரீட்சை மண்டபத்து வாயிலில் நான் ஆண்டுதோறும் சொல்வது இதுதானே! நலமான தட்டாயின் இரண்டு மணி நேரத்தில் முடியும் வேலை; இதற்கு இரண்டு இரவுகள் சென்றன.

அவ்விரு இரவுகளும் நாங்கள் மாறி மாறி விழித்திருந்தோம். திரையிலே எண்கள் ஏறும். சிலவேளை ஏறாமலே நிற்கும். உடனே பல்லி சொல்லும். நல்லூரிலிருந்து வரும் பேருந்துகளின் ஓசை நள்ளிரவுவரை கேட்டது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) அவர்களை அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். 1887இல் கலித்தொகையை அச்சேற்றுமுன் ஏடு தேடி அலைந்தவர். கட்டை அவிழ்க்கும்போதே ஏடு ஒடிந்து போவதைக் கண்டு வருந்தியவர். ஓலை நலமாயிருக்கும்போதே புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைப்பது நம் முன்னோர் வழக்கம். ஓலைக்கு ஆயுள் உண்டென்று அவர்கள் அறிவர். தாமோதரம்பிள்ளையவர்களின் தொண்டை வகுப்பிலே எத்தனை முறை பாடமாக நடத்தியிருப்பேன்! 23 மாலைகளை ஒரே ஏட்டில் வைத்துப் பதின்மூன்று ஆண்டு இருந்த பேர்வழியும் நானே.

இரண்டாம் இரவு இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. 2022 பங்குனிக் கடைசியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நடந்தபோது என் கணினி எத்தனை முறை சடுதியாக அணைந்தது என்பதற்குக் கணக்கில்லை. மின்சாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் கருவியின் மின்கலம் 2019இலேயே செத்துவிட்டது, நான் மாற்றவில்லை. அதனாலோ இந்தத் தட்டு கெட்டது என்று கேட்டேன். “அதுவும் இருக்கலாம். பதினாலு வருசம் ஓடினதே காணும் சேர்” என்றான். அன்றிரவு அவன் கொண்டுவந்திருந்த தாங்கி கால்மணி நேரம் நின்றது. ஒழுங்காக நிறுத்தினோம். மின்சாரம் வந்தபின், குறிப்புக் கோப்பு இருந்தமையால் விட்ட இடத்திலிருந்தே வேலை தொடர்ந்தது.

காத்திருந்த இருளிலே, வாயிலில் நிறுத்திய அந்த நாளைப்பற்றி அவனிடம் பேசினேன். நான் சொன்னது தவறு என்றேன். அவன் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “அண்டைக்குப் பிறகு தமிழ்ப் பாடத்துக்கு நான் ஒழுங்காய் வரேல்லை சேர். நீங்கள் கவனிக்கேல்லை” என்றான். கவனிக்கவில்லைத்தான். பிறகு இருவரும் தேநீர் குடித்தோம்.

மறுநாள் என் பழைய பெட்டியைத் திறந்தோம். மின்னிணைப்பை முற்றாகக் கழற்றி, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னைப் போக்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டபின்னரே உள்ளே கை வைத்தான். உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின் சில்லுகளைக் கொன்றுவிடுமாம். உள்ளே பதினான்கு ஆண்டுத் தூசி சணல்போல் திரண்டிருந்தது. தட்டு இருந்த கூட்டின் பின்புறத்தில் இரண்டு வெள்ளை முட்டைகள் ஒட்டியிருந்தன. மெய்யான பல்லி முட்டைகள்! இல்லாளை அழைத்துக் காட்டினேன். தான் சொன்னது பொய்யில்லை என்பதில் அவளுக்குப் பெரிய மகிழ்ச்சி.

புதியது பழையதினும் சிறியது, கூட்டிலே நில்லாது. அதற்கென ஒரு தகட்டுச் சட்டம் வைத்துப் பொருத்தினான். பழைய திருகாணிகள் அதற்குச் சேரா. அவற்றின் புரி பெரியது, புதியதன் புரி நுண்ணியது. வலிந்து முறுக்கினால் துளை கெடும். இணைக்கும் வடங்கள் இரண்டு. இரண்டின் வாயும் ஒருபுறம் வளைந்திருப்பதால் மாறிச் செருக இயலாது. தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலத்தையும் மாற்றினான்; கணினி சில காலமாகத் திகதியை மறந்துகொண்டிருந்தது அதனாலேயாம். என் பங்கு, கைவிளக்குப் பிடித்தது.

பொத்தானை அழுத்தினோம். ஓசையே இல்லை. வேலை செய்யவில்லை என்று எண்ணினேன். திரை ஒளிர்ந்தது. பழைய விண்டோஸ் 7க்கு 2020 தையிலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 10க்கும் 2025 ஒக்ரோபர் 14உடன் நிற்கவிருந்தன. 11ஐ இந்த இயந்திரம் ஏற்காது. ஆகவே லினக்ஸையே நிறுவி, மீட்ட கோப்புக்களை அதற்குள் வைத்துத் தந்தான். நான் முதலில் திறந்தது கல்லூரி மலர்க் கட்டுரைகளை. திறந்ததும் நெஞ்சு நின்றுவிட்டது. பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பிறை வளைவுகளும்! எல்லாம் சிதைந்துவிட்டன என்று கதிரையில் இருந்துவிட்டேன். அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “சேர், இது பாமினி.”

ஆம், பாமினி. அக்காலத்தில் நாம் எல்லோரும் தட்டெழுதிய எழுத்துரு. கணினியின் கணக்கிலே அது ஆங்கில எழுத்தே. பாமினி என்ற முகமூடியை அணிந்தால் மாத்திரம் தமிழாகத் தெரியும். முகமூடி இல்லாத கணினியிலே நம் தமிழ் ஆங்கிலப் பிதற்றலாகக் கிடக்கும். எழுத்துருவை நிறுவியதும் நம் பழைய அதிபர்களும் ஆசிரியர்களும் மீண்டும் தமிழ் பேசினர். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் வேலையை உயர்தர வகுப்பு மாணவர் எழுவர் செய்து முடித்தனர். இம்மலரின் பிற்பகுதியிலே மறுபதிப்பாக நீங்கள் காணும் கட்டுரைகள் அவ்வழி வந்தனவே.

ஐயாவின் 23 மாலைகளில் 21 முழுமையாகக் கிடைத்தன. பதினேழாம் மாலை இடையிலே ஓரிரு இடத்தில் நொண்டுகிறது, கேட்பவர் கவனியார். இருபத்திரண்டாம் மாலையிலே ஒரு குறை உண்டு. சூரபன்மன் மாமரமாகி நிற்குமிடம். பதம் பிரித்து முடித்து, “இதிலே ஒன்றைக் கவனிக்கவேண்டும்” என்று ஐயா தொடங்குகிறார். அதன்பின் ஏறத்தாழப் பத்து விநாடி இல்லை. பிறகு அடுத்த செய்யுளை மற்றவர் படிக்கும் குரல் கேட்கிறது. தட்டில் வாசிக்க முடியாதுபோன ஒவ்வொரு துண்டும் 4,096 பைற். என் பதிவின் கணக்கிலே அது கால் விநாடிக் குரல். அப்படி நாற்பது துண்டுகள் அடுத்தடுத்துப் போயிருக்கின்றன என்று அவன் விளக்கினான். மேலும் முயலலாமா என்று கேட்டேன். தட்டு இப்போது தன்னை அடையாளமே காட்டவில்லை என்றான்.

அந்தப் பத்து விநாடியில் ஐயா கவனிக்கச் சொன்னது யாது? நான் அன்று முன்வரிசையில் இருந்தவன். கருவி பதிந்துகொள்ளும் என்ற நம்பிக்கையில் அதன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். ஒரு சொல்லும் நினைவில் இல்லை. மூன்று நாள் உரைநூல்களைப் புரட்டினேன். அவர் சொல்லக்கூடியவை என்று நான்கைந்து தோன்றின. அவர் சொன்னது எது என்று எப்படித் துணிவது?

படிகள் இப்போது மூன்று. ஒன்று என் மேசையின் கீழே. ஒன்று தனியான சுழலும் தட்டிலே, கல்லூரி நூலகத்து இரும்பு அலுமாரியில். சில்லுத் தட்டுக்களை மின்னேற்றாமல் நெடுநாள் வைத்தால் உள்ளவை மறந்துபோகலாம் என்று அவன் எச்சரித்தமையால் அதற்குப் பழைய வகையே தேர்ந்தோம். மூன்றாவது கனடாவுக்குப் போயிற்று. பழைய தட்டை எறிய மனம் வரவில்லை. மேசை இழுப்பறையிலே, சிவப்பு மைப் பேனாக்களோடு கிடக்கிறது.

தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் அம்மாவிடம் போனேன். மூத்த மகள் வீட்டு விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்தார். கருவியை அருகில் வைத்து முதலாம் மாலையை ஒலிக்கவிட்டேன். ஐயா செருமிக்கொண்டு காப்புச் சொல்லத் தொடங்கினார். அம்மா முகத்திலே எவ்வித மாற்றமும் இல்லை. சேலைத் தலைப்பை மாத்திரம் எடுத்துத் தோளை மூடிக்கொண்டார், பெரியவர் ஒருவர் முன்னே வந்ததுபோல. ஒரு மணி நேரம் அசையாது கேட்டார். பிறகு, வருத்தத்தோடு, இருபத்திரண்டாம் மாலையைப் பற்றிச் சொன்னேன். என் கவலையீனத்தினால் ஐயாவின் ஒரு கருத்து அழிந்துபோயிற்று என்றேன். அவ்விடத்தைப் போடச் சொன்னார். போட்டேன். “இதிலே ஒன்றைக் கவனிக்கவேண்டும்” என்றது குரல். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் அடுத்த செய்யுள்.

“திருப்பிப் போடு தம்பி” என்றார். திருப்பிப் போட்டேன்.

“அதிலை அவர் ஒண்டும் சொல்லேல்லை” என்றார் அம்மா. “இருமல் வந்திட்டுது. தண்ணி கேட்டவர். நான்தான் செம்பிலை கொண்டுபோய்க் குடுத்தனான். குடிச்சுப்போட்டுப் பாத்தார், நேரம் போச்செண்டு அவையளைப் படிக்கச் சொல்லிப்போட்டார்.”

அது மெய்தானா, என் வருத்தத்தைத் தணிக்கச் சொன்னதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். கண் தெரியாதவர் முகத்தில் அதனை வாசிப்பது எளிதன்று.

“மிச்சத்தை விடு, கேப்பம்” என்றார்.